பட்டயம் மண்வெட்டியாகும் நாள்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

எங்கள் அப்பா கொல்லர். ஊரின் மேற்குக் கோடியில் வேப்பமர நிழலில் எங்கள் பட்டறை இருக்கிறது. உலை, துருத்தி, பட்டடைக்கல், சம்மட்டி இரண்டு, குறடுகள் நான்கைந்து, ஒரு தண்ணீர்த் தொட்டி; இவ்வளவுதான் எங்கள் குடும்பச் சொத்து. ஒரு கையில் பாடப் புத்தகமும் மறு கையில் துருத்திக் கயிறுமாகப் படித்து வளர்ந்தவன் நான். இரும்பு சிவப்பதையும், அது அடிபட்டு உருமாறுவதையும் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, ஒரு பழைய நூலில் அதே காட்சி எதிர்ப்பட்டால் எப்படி இருக்கும்? அந்த அனுபவத்தைத்தான் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஆனால் அதற்குமுன் எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஆண்டு மழை பொய்த்தது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தது. மேல்மடைக்காரர்கள் இரவோடு இரவாக மடையை அடைத்துத் தங்கள் வயல்களுக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். கடைமடையில் நாற்று கருகியது. முதலில் வாய்ச்சண்டை, பிறகு கைகலப்பு. செய்தி எட்டி, அதிகாரி ஒருவர் ஊருக்கு வந்தார். பள்ளிக்கூடத் திண்ணையில் சமாதானக் கூட்டம் நடந்தது. இரு தரப்பாரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். எல்லோருக்கும் தேநீர் வந்தது. இனி அமைதியாக இருப்போம் என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கினார்கள். தண்ணீர் யாருக்கு எத்தனை நாள் என்பதை மட்டும் எவரும் எழுதவில்லை.

பத்தாம் நாள் பொழுது சாய்ந்த பிறகு ஆறு பேர் எங்கள் பட்டறைக்கு வந்தார்கள். லாரியிலிருந்து கழற்றிய பழைய வில்பட்டைகளைத் துண்டு துண்டாகச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"ஆசாரியாரே, கருது அறுக்க ஆறு அருவா வேணும்" என்றார் ஒருவர்.

அது கருதே இல்லாத வருடம். அப்பாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஊரைப் பகைத்துக்கொண்டு பட்டறை நடத்த முடியாது. அப்பா ஒன்றும் பேசாமல் உலையைக் கிளறினார். நான் துருத்தியை இழுத்தேன். அன்றிரவும் மறுநாள் இரவுமாக ஆறு அரிவாள்கள் முடிந்தன. இரண்டு வாரம் கழித்து, மடைக்குக் காவல் இருந்த ஒருவரின் வலக்கையில் மூன்று விரல்கள் போயின. அவருடைய மகன் என் வகுப்புத் தோழன். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. பிறகு வந்தபோது நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இவ்வாண்டு எங்கள் துறையில் பண்டைய மேற்காசிய நாகரிகங்கள் பற்றி மாணவர் கருத்தரங்கு ஒன்று நடந்தது. பேராசிரியர் எனக்குக் கொடுத்த தலைப்பு: 'எபிரேயத் தீர்க்கதரிசிகள் கண்ட அமைதி அரசு'. "ஐயா, நான் கிறித்தவன் இல்லையே" என்று தயங்கினேன். "அசோகனைப் பற்றி எழுத நீங்கள் பௌத்தராகவா இருந்தீர்கள்? போய்ப் படியுங்கள்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். நூலகத்தில் தடித்த அட்டை போட்ட தமிழ் விவிலியத்தை எடுத்து, ஏசாயாவின் நூலில் இரண்டாம் அதிகாரத்தைப் புரட்டினேன். அங்கே என் முன்னால் ஒரு பட்டறை நின்றது.

கடைசி நாட்களில் கடவுளின் மலை எல்லா மலைகளுக்கும் மேலாக உயர்ந்து நிற்குமாம். பல நாட்டு மக்களும் வழி கேட்டு அதை நோக்கி வருவார்களாம். அவர் இனங்களுக்கிடையே நியாயம் தீர்ப்பாராம். அப்போது மக்கள் தங்கள் பட்டயங்களை உழவுக் கருவிகளாகவும் ஈட்டிகளை அரிவாள்களாகவும் அடித்து மாற்றிக்கொள்வார்களாம். போர்ப் பயிற்சியே உலகில் இராதாம். ஆங்கில விவிலியத்தில் பட்டயம் கலப்பையின் கொழுவாகிறது. தமிழ் விவிலியத்திலோ மண்வெட்டியாகிறது. எபிரேய மூலச்சொல் மண்ணைக் கிளறும் ஓர் இரும்புக் கருவியைக் குறிப்பது. டிராக்டர் வந்தபின் கொழு அடிக்க எங்கள் பட்டறைக்கு வருவோர் அருகிவிட்டார்கள். மண்வெட்டிக்கு மட்டும் இன்றும் ஆள் வருகிறது. எனவே தமிழ்ச் சொல்லே எனக்கு நெருக்கமாகப் பட்டது. ஆனால் அடுத்த சொல் என்னைச் சுட்டது. ஏசாயா ஈட்டியை அரிவாளாக்கினார். எங்கள் ஊரில் அரிவாளே ஈட்டியாயிற்று அன்றோ!

இந்தக் கனவைக் கண்டவர் எத்தகைய காலத்தில் வாழ்ந்தார்? அதை அறியாமல் படித்தால் இது ஏதோ வயிறு நிறைந்தவர் கண்ட இன்பக் கனவு என்றே தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. கி.மு. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், யூதா என்ற சின்னஞ்சிறு மலைநாட்டின் தலைநகரான எருசலேமில் வாழ்ந்தவர் ஏசாயா. உசியா, யோதாம், ஆகாஸ், எசேக்கியா ஆகிய நான்கு மன்னர்களின் காலத்தவர் என்று அவருடைய நூல் தொடங்குகிறது. வடகிழக்கே அசீரியப் பேரரசு வளர்ந்துகொண்டிருந்தது. கி.மு. 722 அளவில் பக்கத்து நாடான வட இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா வீழ்ந்தது; மக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவின்மீதே படையெடுத்தான். நாற்பத்தாறு அரண் சூழ்ந்த நகரங்களைப் பிடித்ததாகவும், 2,00,150 பேரை வெளியேற்றியதாகவும், எசேக்கியாவை எருசலேமுக்குள் கூண்டுப் பறவைபோல அடைத்ததாகவும் அவன் களிமண் பட்டகத்தில் எழுதி வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டான். அரசர்கள் தங்கள் வெற்றியை எண்ணிச் சொல்லும்போது எண்கள் பெருகுவது இயல்பு. ஆனால் அழிவு பொய்யில்லை. நினிவேயில் அவன் அரண்மனைச் சுவரில் செதுக்கிய லாகீஸ் நகர முற்றுகைக் காட்சி இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மதிலை இடிக்கும் பொறிகள், கழுவேற்றப்பட்ட மனிதர்கள், மாட்டுவண்டியில் மூட்டை முடிச்சுகளோடு நாடு விட்டுப் போகும் குடும்பங்கள் என எல்லாமே அந்தக் கல்லில் உள்ளன. பட்டயம் என்றால் என்ன என்று ஏசாயாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

முற்றுகை வரும் என்று அறிந்த எசேக்கியா, நகரத்துக்கு வெளியே இருந்த ஊற்றின் தண்ணீரை மதிலுக்குள் கொண்டுவரப் பாறையைக் குடைந்து சுரங்கம் வெட்டினான். 533 மீட்டர் நீளம். இரண்டு குழுக்கள் இரண்டு முனைகளிலிருந்து குடைந்து வந்து நடுவில் சந்தித்தன. அந்தச் சந்திப்பைச் சொல்லும் கல்வெட்டு 1880இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. வாய்க்கால் கரையில் வளர்ந்த எனக்கு இந்தச் செய்தி வியப்பாக இருந்தது. பொறியியல் அருஞ்செயல்தான்! ஆனால் ஏசாயா கைதட்டவில்லை. வீடுகளை எண்ணி, அவற்றை இடித்து மதிலை வலுப்படுத்துகிறீர்கள், இரு சுவர்களுக்கு நடுவே குளம் கட்டுகிறீர்கள், செய்ய வேண்டியதை மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை என்று கண்டித்துப் பேசும் பகுதி அவருடைய நூலில் இருக்கிறது. எருசலேமில் 1970களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அக்கால மதில் ஒன்று ஏறக்குறைய ஏழு மீட்டர் தடிப்புள்ளது. அது பழைய வீடுகளின்மேல் ஏறிச் செல்கிறது. யாருடைய வீடுகளோ!

அப்படியானால் அவர்கள் செய்யத் தவறியது எது? அதற்கு விடை நூல் முழுவதும் சிதறிக் கிடக்கிறது. வீட்டோடு வீட்டைச் சேர்த்து, வயலோடு வயலைக் கூட்டி, நாட்டில் தாங்கள் மட்டுமே மிஞ்சும்வரை நிலத்தை வளைத்துக்கொள்ளும் செல்வர்களை அவர் சபிக்கிறார். ஏழைகளின் உரிமையைப் பறிக்கவென்றே சட்டம் எழுதுகிற கைகளைச் சாடுகிறார். கைம்பெண்களின் வழக்கைக் கேட்காத நீதிபதிகளைத் திருடரின் தோழர்கள் என்கிறார். கோவிலில் பலிக்குமேல் பலி செலுத்துகிறவர்களைப் பார்த்து, உங்கள் கைகளில் இரத்தம் இருக்கிறது, முதலில் அதைக் கழுவுங்கள் என்கிறார். வெளிப்பகைவன் மதிலுக்கு வெளியே நின்றபோதும், உள்ளே நடக்கும் அநீதியைப் பற்றிப் பேசாமலிருக்க அவரால் இயலவில்லை.

இந்த இடத்தில்தான் என் கண் திறந்தது. இரண்டாம் அதிகாரத்தை மறுபடியும் படித்தேன். அந்தக் காட்சியில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நியாயம் தீர்க்கப்படுகிறது. அதன் பிறகே பட்டயம் உலைக்குப் போகிறது. பதினொன்றாம் அதிகாரத்திலும் அதே வரிசைதான். வெட்டப்பட்ட அடிமரத்திலிருந்து ஒரு தளிர் கிளம்புவதுபோல, தாவீதின் தந்தையான ஈசாயின் மரபில் ஓர் அரசன் எழுவான். அவன் கண்ணால் கண்டதை மட்டும் வைத்தோ காதால் கேட்டதை மட்டும் வைத்தோ தீர்ப்புச் சொல்லமாட்டான். எளியவர்களுக்கு நீதியோடு தீர்ப்பளிப்பான். இதைச் சொல்லி முடித்த பிறகுதான் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாகத் தங்குகின்றன. சிங்கம் மாட்டைப்போல் வைக்கோல் தின்கிறது. சிறுவன் ஒருவன் அவற்றை மேய்க்கிறான். வாழ்த்து அட்டைகளில் ஓநாயையும் ஆட்டுக்குட்டியையும் அழகாக வரைகிறார்கள். அவற்றுக்கு முன்னால் நடந்த வழக்கு விசாரணையை வரைய எவருக்கும் தோன்றுவதில்லை! நீதியின் விளைவே அமைதி என்று வேறோர் இடத்தில் அந்நூல் வெளிப்படையாகவே கூறுகிறது.

ஏசாயாவின் காலத்திலேயே வாழ்ந்தவர் மீகா. இவர் தலைநகரத்தார் அல்லர். லாகீசுக்கு அருகேயுள்ள நாட்டுப்புறத்து ஊரைச் சேர்ந்தவர். பட்டயம் உழவுக் கருவியாகும் அதே காட்சி, ஏறக்குறைய அதே சொற்களில், இவர் நூலிலும் வருகிறது. யாரிடமிருந்து யார் பெற்றார் என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. ஆனால் மீகாவின் நூலில் கூடுதலாக ஒரு செய்தி இருக்கிறது. அந்நாளில் ஒவ்வொருவனும் தன் திராட்சைக் கொடியின் கீழும் தன் அத்திமரத்தின் கீழும் அச்சுறுத்துவோர் இன்றி அமர்ந்திருப்பானாம். நாட்டுப்புறத்தான் கேள்வி அது. மண்வெட்டி கையில் வந்தால் போதுமா, வெட்ட எனக்கென்று மண் வேண்டாவா? இரவெல்லாம் படுக்கையில் திட்டமிட்டு, விடிந்ததும் பிறர் வயலைப் பறிப்பவர்களைக் கண்டித்தவரும் அதே மீகாதான். 

இந்தக் கனவைத் தலைகீழாகக் கவிழ்த்த ஒருவரும் அதே விவிலியத்தில் இருக்கிறார். யோவேல் என்னும் தீர்க்கதரிசியின் நூலில், உழவுக் கருவிகளைப் பட்டயங்களாக அடியுங்கள், அரிவாள்களை ஈட்டிகளாக மாற்றுங்கள் என்று போருக்கு அழைக்கும் குரல் கேட்கிறது. பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் தாண்டவில்லை, தாண்டவும் முடியவில்லை. எங்கள் பட்டறையில் அந்த இரண்டு இரவுகளில் நடந்தது யோவேலின் வேலை. உலைக்கு இரண்டும் ஒன்றுதான். இரும்பு எதற்கு என்று நெருப்பு கேட்பதில்லை.

வரப்போகும் அந்த அரசனுக்குப் பின்னாளில் நிலைத்த பெயர் மேசியா. 'எண்ணெய் பூசப்பெற்றவர்' என்பது பொருள். இஸ்ரவேலில் அரசனுக்கு முடிசூட்டும்போது தலையில் எண்ணெய் வார்ப்பது மரபு. அதிலிருந்து வந்த சொல். அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தால் கிறிஸ்து. கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்து, அங்கிருந்த யூதர்கள் ஊர் திரும்ப வழி செய்த பாரசீக மன்னன் கோரேசையும் ஏசாயாவின் நூலின் பிற்பகுதி இதே சொல்லால் அழைக்கிறது. அந்நியன் ஒருவனுக்கும் அந்தப் பெயர் கிடைத்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

அந்த அரசர் வந்துவிட்டாரா, இனிமேல்தான் வரப்போகிறாரா? கிறித்தவர்கள் இயேசுவே அவர் என்று நம்புகிறார்கள். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் ஏசாயாவின் சுருளை வாங்கி, ஏழைகளுக்கு நற்செய்தியும் ஒடுக்கப்பட்டோர்க்கு விடுதலையும் கூறும் பகுதியை அவர் வாசித்ததாக லூக்கா எழுதுகிறார். ஆட்சி தொடங்கிவிட்டது, அவர் மீண்டும் வரும்போது நிறைவு பெறும் என்பது கிறித்தவர் விளக்கம். யூதர்கள் இதை ஏற்பதில்லை. 1263இல் ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவில் அரகோன் மன்னர் முதலாம் ஜேம்ஸின் முன்னிலையில் இதுபற்றிய சொற்போர் ஒன்று நடந்தது. யூதர்களின் சார்பில் பேசிய அறிஞர் நாமானிடெஸ் எழுப்பிய வாதம் எளிமையானது. மேசியா வந்தால் போர் ஒழியும் என்கிறார் ஏசாயா. இயேசுவின் காலம் முதல் இன்றுவரை உலகம் வன்முறையாலும் கொள்ளையாலும் நிறைந்திருக்கிறதே என்று அவர் கேட்டார். போரைக் கற்பதே நின்றுவிட்டால் மன்னராகிய உமக்கும் உம் வீரர்களுக்கும் எவ்வளவு தொல்லை என்றும் துணிந்து சொன்னதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். வந்தாரா இல்லையா என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுடையவன் அல்லேன். ஆனால் இரு தரப்பாரும் ஒரே அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தேன். அந்த ஆட்சி நிறைவாக வந்ததா என்பதற்கு அடையாளம் பட்டறையில்தான் தெரியும்.

1947இல் சாக்கடலின் கரையோரம் கும்ரான் குகை ஒன்றில் ஆட்டிடையர்கள் கண்டெடுத்த சுருள்களில் ஏசாயாவின் முழு நூலும் இருந்தது. ஏழு மீட்டருக்குமேல் நீளமுள்ள அந்தத் தோல் சுருள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. உலகமும் அந்தக் கனவை மீண்டும் கையிலெடுத்தது. நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் தலைமையகத்துக்கு எதிரேயுள்ள சுவரில் 1948இல் பட்டயம் கொழுவாகும் வாசகம் பொறிக்கப்பட்டது; அதன் கீழ் ஏசாயாவின் பெயர் 1975இல்தான் சேர்ந்தது. 1959இல் சோவியத் ஒன்றியம், சிற்பி யெவ்கேனி வுச்சேத்திச் வடித்த வெண்கலச் சிலையொன்றை ஐ.நா.வுக்குப் பரிசளித்தது. திரண்ட தோள்களுடைய ஒருவன் சம்மட்டியை ஓங்கிப் பட்டயத்தைக் கொழுவாக அடிக்கிறான். அதன் படத்தைப் பார்த்தபோது அப்பாவின் நினைவு வந்தது. பரிசளித்த நாட்டின் டாங்கிகள் 1968இல் பிராகா நகரத் தெருக்களில் ஓடின. சுவர் நிற்கும் நாடு அதே ஆண்டுகளில் வியட்நாமில் குண்டு பொழிந்துகொண்டிருந்தது. ஏன் இப்படி? அந்தச் சுவரின் வாசகத்தை நிதானித்துப் படித்தால் ஒன்று புலப்படும். அது பட்டயத்தை அடிப்பதிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஏசாயா வைத்த பகுதி, அதாவது இனங்களுக்கிடையே நியாயம் தீர்க்கும் பகுதி, அங்கே இல்லை. எங்கள் ஊர்ச் சமாதானத் தாளைப்போல!

ஆனால் அந்தச் சிலைக்கு இன்னொரு கதையும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் கிழக்கு ஜெர்மனியில், போர்ப் பயிற்சி பள்ளிக்கூடம்வரை வந்துவிட்ட நிலையில், திருச்சபை இளைஞர்கள் அந்தச் சிலையின் உருவத்தைத் துணியில் அச்சிட்டுச் சட்டையில் தைத்துக்கொண்டார்கள். சோவியத் நாடு தந்த சிலையாயிற்றே, யார் தடுக்க முடியும் என்று நினைத்தார்கள். அரசு தடுத்தது. பள்ளிகளிலும் தெருக்களிலும் சட்டைகளிலிருந்து அந்தத் துணி பிய்த்தெடுக்கப்பட்டது. சிலர் அந்த இடத்தில் வெற்றுத் துணியைத் தைத்து, இங்கே ஒரு கொல்லன் இருந்தான் என்று எழுதிக்கொண்டார்கள். 1983 செப்டம்பர் 24ஆம் நாள், விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லூதர் வாழ்ந்த இல்லத்தின் முற்றத்தில், மக்கள் சூழ்ந்து நிற்க, உண்மையான கொல்லர் ஒருவர் உண்மையான பட்டயம் ஒன்றை உலையிலிட்டுக் கொழுவாக அடித்துக் காட்டினார். படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை நூற்றாண்டுகளாகப் பாடியும் வரைந்தும் வந்த ஒரு காட்சியை முடித்துக் காட்ட, கடைசியில் ஒரு பட்டறைக்காரர்தான் வர வேண்டியிருந்தது.

அப்போதுதான் ஏசாயாவின் காட்சியில் நான் கவனிக்காமல் விட்ட இன்னொன்றும் தெரிந்தது. நியாயம் தீர்ப்பவர் கடவுள். ஆனால் பட்டயத்தை அடிப்பவர் அவர் அல்லர். மக்களே தங்கள் பட்டயங்களைத் தாங்களே கொண்டுவந்து அடிக்கிறார்கள். வானத்திலிருந்து யாரோ வந்து ஆயுதங்களைப் பிடுங்கிக்கொள்வதாக அவர் எழுதவில்லை. நீதி கிடைத்தது என்று மனம் நம்பிய பிறகு, கை தானாகவே சம்மட்டியைத் தேடுகிறது.

கருத்தரங்கு முடிந்த விடுமுறையில் ஊருக்குப் போனேன். இரவு சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் அமர்ந்து அப்பாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். பட்டயத்தை மண்வெட்டியாக அடிக்கும் இடம் வந்ததும் அப்பா சிரித்தார்.

"கத்தி இரும்பு மண்வெட்டிக்கு ஆகும் தம்பி. தண்ணியில தோச்சு எடுக்கிற பதம்தான் வேற. ஆனா அதைக் கொண்டாந்து கொடுக்கிறது யாரு?"

"மக்கள்தான்ப்பா."

"ஏன் கொடுக்கிறாங்க?"

"முதல்ல அவங்க வழக்கு தீர்ந்திருது."

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப சரியாத்தான் எழுதியிருக்காரு" என்றார்.

அவர் எதை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். விரல்கள் போன அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஊரில் மறுபடியும் ஒரு கூட்டம் நடந்தது. இந்த முறை தேநீர் இல்லை. வாய்க்காலை அளந்தார்கள். மேல்மடைக்கு நான்கு நாள், கடைமடைக்கு மூன்று நாள் என்று முறை வைத்தார்கள். மதகுக்குப் பூட்டுப் போட்டு, இரு தரப்புக்கும் ஒவ்வொரு சாவி கொடுத்து, இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும்படி செய்தார்கள். அந்தப் பூட்டை அடித்ததும் அப்பாதான். அடுத்த ஆண்டு அறுவடை முடிந்த சமயம், ஆறு பேரில் வயதில் மூத்தவர் விடியற்காலையில் பட்டறைக்கு வந்தார். துணியில் சுற்றியிருந்த அரிவாளை அப்பா காலடியில் வைத்து, "இதை ஒரு களைக்கொட்டா அடிச்சுக் குடு ஆசாரி" என்றார். அன்று துருத்தி இழுத்தவனும் நான்தான். மற்ற ஐந்தும் இன்றுவரை வரவில்லை. எந்தக் கூரையில் செருகியிருக்கின்றனவோ!

அப்பா பூட்டடித்தார், வந்த அரிவாளைக் களைக்கொட்டாக்கினார். நான் என்ன செய்தேன்? என் தோழனோடு இத்தனை ஆண்டுகளும் சமாதானமாகத்தான் இருந்தேன். பார்த்தால் சிரிப்பேன், அவனும் சிரிப்பான். பேச வேண்டியதை மட்டும் பேசியதில்லை. பள்ளிக்கூடத் திண்ணையில் கையொப்பமிட்ட அந்தத் தாளுக்கும் எங்கள் சிரிப்புக்கும் என்ன வேறுபாடு?

மறுநாள் காலை அவன் வயலுக்குப் போனேன். வரப்பில் நின்றபடியே, "அந்த அருவா எங்க பட்டறையில அடிச்சது. துருத்தி இழுத்தது நான்" என்று சொல்லிவிட்டேன். தொண்டை அடைத்துக்கொண்டது. அவன் மண்வெட்டியை மடைவாயில் ஊன்றிவிட்டு வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்டா" என்றான். "அன்னிக்கு மடையை அடைச்சுக்கிட்டு நின்னது எங்க அப்பாதான். அதுவும் உனக்குத் தெரியும்."

அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து அவன் கையிலிருந்த மண்வெட்டியைக் காட்டினான். பிடி வழக்கத்தைவிடப் பருமனாக, ஒரு பக்கம் சற்று வளைந்து, இரும்பு வளையம் மாட்டியிருந்தது. மூன்று விரல் இல்லாத கை பற்றுவதற்கென்றே செய்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என் அப்பா அதைப் புதுப்பித்துக் கொடுப்பாராம். இதுவரை கூலி வாங்கியதில்லையாம். எனக்கு அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை.

"பிடி ஆடுது. பட்டறைக்குக் கொண்டு போறியா?" என்றான்.

வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அன்று அப்பாவைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, உலையை நானே மூட்டினேன்.